விடை தவறினால் வகுத்துப் பாருங்கள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்தால் மின்சார ரயில் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மாலை வேளைகளில் அங்கே பாய் விரித்து, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாள் அந்தச் சத்தத்தையே கணக்காக்கினேன். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயிலுக்கு பிரேக் போடுகிறார்கள். எதிர்முடுக்கம் 0.5 மீ/வி². எவ்வளவு தூரம் ஓடி நிற்கும்?

ஒரு பையன் எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினான். "5184 மீட்டர் சார்."

"மாம்பலத்தில் பிரேக் போட்டால் உன் ரயில் கோடம்பாக்கத்தையும் நுங்கம்பாக்கத்தையும் தாண்டிப் போய்த்தான் நிற்கும். இறங்க வேண்டியவர்கள் என்ன செய்வார்கள் தம்பி?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் நோட்டை நான் வாங்கிப் பார்க்கவில்லை. சரியான விடை 400 மீட்டர். 5184-ஐ 400-ஆல் வகுத்தால் 12.96 வருகிறது. அது 3.6-இன் வர்க்கம். மணிக்குக் கிலோமீட்டரை வினாடிக்கு மீட்டராக மாற்ற வகுக்கும் எண் 3.6, நிற்கும் தூரத்துக்கான வாய்பாட்டில் வேகம் வர்க்கமாக வருகிறது. 72-ஐ 20 ஆக்காமல் அப்படியே போட்டுவிட்டான் என்பதை நோட்டைத் திறக்காமலே சொல்ல முடிந்தது. அவன் ஏதோ மாயம் நடந்ததுபோல என்னைப் பார்த்தான்.

மாயம் எதுவும் இல்லை. தவறான விடையை அடித்துவிட்டு அடுத்த பக்கம் போகிறவர்கள் கையில் இருந்த தடயத்தை எறிந்துவிட்டுப் போகிறார்கள். பிளஸ் ஒன்னில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், இருபது வருடம் கழித்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப் புத்தகத்தைத் திறக்கும் பெற்றோருக்கும் அந்தத் தடயத்தைப் படிக்கும் வழியைச் சொல்கிறேன். பிழை முளைக்கும் இடங்களை முதலில் பார்த்துவிடலாம்.

வாய்பாட்டைத் தொடும் முன்

கணக்கை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை கதையாக, இரண்டாம் முறை பென்சிலோடு. தெரிந்தவை ஒரு பக்கம், கேட்பது ஒரு பக்கம். எண்களை எழுதும்போதே அலகை மாற்றிவிடுங்கள். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்டுவைத்தால் அந்தப் பிறகு வராது.

எண்ணாக இல்லாமல் சொல்லாக ஒளிந்திருக்கும் தகவல்கள்தான் புதியவர்களை ஏமாற்றுபவை. "ஓய்விலிருந்து புறப்படுகிறது" என்றால் தொடக்கத் திசைவேகம் சுழி. "சீரான திசைவேகத்தில் செல்கிறது" என்றால் நிகர விசை சுழி. "வழவழப்பான தளம்" என்றால் உராய்வு இல்லை. "நீட்சியற்ற கயிறு" என்றால் அதன் இரு முனையிலும் கட்டிய பொருள்களின் முடுக்கம் அளவில் ஒன்றே. "நிறையற்ற, உராய்வற்ற கப்பி" என்றால் கயிற்றின் இரு பக்கமும் இழுவிசை ஒன்றே. கேள்வி எழுதுபவர் ஒரு சொல்லையும் அழகுக்காகப் போடுவதில்லை. "போதுமான தகவல் இல்லை சார்" என்று யாராவது வந்தால், நான் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு சொல்லின் கீழே கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இன்னொன்று. முதல் சில மாதங்களுக்குக் குறியீடுகளை விட்டுவிட்டு வாய்பாட்டைச் சொற்களில் எழுதிப் பழகுங்கள். "நிற்கும் தூரம் = தொடக்க வேகத்தின் வர்க்கம் ÷ (2 × எதிர்முடுக்கம்)". கை வலிக்கும்தான். ஆனால் தொடக்க வேகத்தின் இடத்தில் இறுதி வேகத்தைப் போடும் பிழை இதில் நிகழவே நிகழாது. இந்தக் கட்டுரை முழுவதும் நானும் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

யார் கொடுத்த விசை?

பாடப்புத்தகத்தில் இதற்குத் தனித்த பொருளின் விசைப் படம் என்று பெயர். ஒரே ஒரு பொருளை மட்டும் பெட்டியாக வரைந்து, அதன் மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்புகளாகப் போடுவது. படத்தைப் பிள்ளைகள் போட்டுவிடுகிறார்கள். இல்லாத விசையையும் சேர்த்துப் போடுவதுதான் தொல்லை.

ஒவ்வொரு அம்பின் பக்கத்திலும் அதைக் கொடுத்தவரின் பெயரை எழுதுங்கள். பூமி, தரை, கயிறு, கை, காற்று. பெயர் எழுத முடியாத அம்பை அழித்துவிடுங்கள். மேலே எறிந்த பந்தின் படத்தில் பாதிப் பேர் மேல்நோக்கி ஓர் அம்பு போடுகிறார்கள். யார் கொடுத்தது என்று கேட்டால், "கை கொடுத்தது சார்" என்கிறார்கள். கை பந்தை விட்டு எப்போதோ போய்விட்டது. கை கொடுத்த வேகம்தான் பந்திடம் மிச்சம் இருக்கிறது. பறக்கும் பந்துக்கு, காற்றை விட்டுவிட்டால், பூமியின் இழுப்பு ஒன்றுதான் விசை. உச்சியில் ஒரு கணம் வேகம் சுழியாகும்போதும் அந்த இழுப்பு அப்படியே இருக்கிறது. உச்சியில் முடுக்கமும் சுழி என்று எழுதியவர்கள், பந்து ஏன் அங்கேயே தொங்கவில்லை என்று யோசிக்க வேண்டும்.

கத்திப்பாரா மேம்பாலத்தில் பஸ் வட்டமடித்து இறங்கும்போது நின்றுகொண்டு போயிருப்பீர்கள். உடம்பு வெளிப்பக்கம் சாய்கிறது. அதற்காக வெளிநோக்கி ஓர் அம்பு போட்டால், கொடுத்தவர் யார்? சாலையில் நின்று பார்ப்பவர் கணக்கில் அப்படி யாரும் இல்லை. நீங்கள் பிடித்திருக்கும் கம்பியும் காலுக்கடியில் உள்ள உராய்வும் உங்களை உள்நோக்கி இழுத்துத் திருப்புகின்றன, அவ்வளவுதான். மையநோக்கு விசை என்பது அந்த உள்நோக்கிய நிகர விசைக்கு வைத்த பெயர். அதைத் தனியாக இன்னோர் அம்பாகப் போட்டால் ஒரே விசையை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். பஸ்ஸோடு சேர்ந்து திரும்புபவராக நின்று கணக்குப் போடுவதானால் வெளிநோக்கிய போலி விசையைச் சேர்க்கலாம். அப்போது உங்களுக்கு முடுக்கம் சுழி. இரண்டு பார்வையையும் ஒரே படத்தில் கலப்பவர்களுக்குத்தான் விடை வராது.

மேசையின் மேல் புத்தகம். பூமி கீழே இழுக்கிறது, மேசை மேலே தாங்குகிறது, இரண்டும் சமம். உடனே "வினை, எதிர்வினை" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே புத்தகத்தின் மேல் செயல்படுபவை. ஆகவே ஜோடி ஆகாது. பூமி புத்தகத்தை இழுப்பதற்கு ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தாங்குவதற்கு ஜோடி, புத்தகம் மேசையை அழுத்துவது. கொடுப்பவர், வாங்குபவர் பெயரை இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள்; ஜோடி தானாக வந்துவிடும்.

தாங்கும் விசை எப்போதும் எடைக்குச் சமம் என்ற நம்பிக்கையும் கூடவே வரும். சென்ட்ரல் ரயில் நிலைய நடைமேடையில் சக்கரம் உடைந்த பெட்டியை இழுத்துப் போகும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். பெட்டி 20 கிலோ. கைப்பிடியை 30 பாகை மேல்நோக்கி 100 நியூட்டன் விசையால் இழுக்கிறார். உராய்வுக் குணகம் 0.2, புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்று கொள்வோம். இழுக்கும் விசையில் பாதி, அதாவது 50 நியூட்டன், பெட்டியைத் தூக்கிவிடுகிறது. ஆகவே தரை தாங்க வேண்டியது 200 அல்ல, 150 நியூட்டன். உராய்வு அதில் 0.2 பங்கு, அதாவது 30 நியூட்டன். கிடைமட்டக் கூறு 86.6, நிகரம் 56.6, முடுக்கம் 2.83 மீ/வி². தாங்கும் விசையை 200 என்று எடுத்தவருக்கு 2.33 வரும். அதே மனிதர் பெட்டியைப் பின்னாலிருந்து 30 பாகை கீழ்நோக்கித் தள்ளினால் தரை 250 நியூட்டன் தாங்க வேண்டும், முடுக்கம் 1.83 ஆகிவிடும். இழுப்பது தள்ளுவதைவிடச் சுலபம் என்று போர்ட்டர்களுக்குத் தெரிந்திருப்பது இதனால்தான்.

மேலே பிளஸ்ஸா, கீழே பிளஸ்ஸா

"புவியீர்ப்பு முடுக்கம் எப்போதும் மைனஸ்" என்று யாரோ எல்லா ஊரிலும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதை மறந்துவிடுங்கள். பக்கத்தின் மூலையில் ஓர் அம்பு போட்டு, "இந்தத் திசை பிளஸ்" என்று எழுதுங்கள். அந்த அம்போடு போகும் எல்லாம் பிளஸ், எதிர்த்துப் போகும் எல்லாம் மைனஸ். அம்பு உங்கள் விருப்பம். ஆனால் கணக்கு முடியும்வரை அதைத் திருப்பக் கூடாது.

தரையிலிருந்து 10 மீட்டர் உயர மொட்டை மாடி. விளிம்பில் நின்று பந்தை நேர்மேலே வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எறிகிறோம். எத்தனை வினாடியில் தரையைத் தொடும்? மேல்நோக்கி பிளஸ் என்று வைத்தால் தொடக்கத் திசைவேகம் +5, முடுக்கம் −10, இடப்பெயர்ச்சி −10. பந்து மேலே போய் வந்த தூரத்தைப் பற்றி இடப்பெயர்ச்சிக்குக் கவலையில்லை. தொடங்கிய இடம், முடிந்த இடம் இரண்டும்தான் கணக்கு.

−10 = 5 × நேரம் − 5 × நேரத்தின் வர்க்கம். தீர்த்தால் 2 வினாடி, அல்லது −1 வினாடி. 2 சரி.

இதே கணக்கில் இரண்டு விதமாகச் சறுக்குவார்கள். இடப்பெயர்ச்சியை +10 என்று போட்டால் வர்க்கமூலத்துக்குள் −7 வந்து நிற்கும். இது நல்ல பிழை, தானே கத்திக் காட்டிக்கொடுக்கிறது. பந்து எறிந்த இடத்திலிருந்து 1.25 மீட்டர்தான் ஏறும். 10 மீட்டர் மேலே எப்போது இருக்கும் என்று நீங்கள் கேட்டதால், "ஒருபோதும் இல்லை" என்று சமன்பாடு பதில் சொல்கிறது.

இரண்டாவது பிழை ஆபத்தானது. கீழ்நோக்கி பிளஸ் என்று வைத்துவிட்டு, எறிந்த வேகத்தின் குறியை மாற்ற மறந்துவிடுவது. 10 = 5 × நேரம் + 5 × நேரத்தின் வர்க்கம். விடை 1 வினாடி. முழு எண், அழகான எண், யாருக்கும் சந்தேகம் வராது. இதைப் பிடிக்க ஒரே வழி, பக்கத்துக் கணக்கோடு ஒப்பிடுவது. பந்தைச் சும்மா கீழே விட்டிருந்தால் 1.41 வினாடி ஆகும். மேலே எறிந்தால் அதைவிடக் கூடுதலாகத்தானே ஆக வேண்டும்? 1 வினாடி என்பது கீழ்நோக்கி எறிந்தவரின் விடை. முன்பு நாம் தள்ளிவிட்ட −1 யார் என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

லிஃப்ட் கணக்குகளிலும் இதே குழப்பம்தான். லிஃப்ட் மேலே போகிறது என்றால் முடுக்கமும் மேலே என்று எழுதிவிடுகிறார்கள். 60 கிலோ உள்ள ஒருவர் லிஃப்டில் எடை பார்க்கும் கருவியின் மேல் நிற்கிறார். 1.5 மீ/வி² முடுக்கத்தோடு மேலே கிளம்பும்போது கருவி 690 நியூட்டன் தாங்குகிறது. மாடியை நெருங்கி அதே அளவில் வேகம் குறையும்போது, போகும் திசை மேலேதான், முடுக்கம் கீழே. தாங்குவது 510 நியூட்டன். நடுவில் சீராகப் போகும்போது 600. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் இருந்தால், முள் வைத்த எடைக் கருவியை ஒரு தடவை உள்ளே எடுத்துப்போய் ஏறி நின்று பாருங்கள். இவ்வளவு முடுக்கம் இருக்காது, ஆனாலும் முள் கிளம்பும்போது ஒரு பக்கமும் நிற்கும்போது மறு பக்கமும் நகர்வது தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்பது உங்கள் பாடு.

நம்மை நோக்கி வரும் பீரோ

வீடு மாற்றும் நாள். 50 கிலோ இரும்பு பீரோவை ஒருவர் 100 நியூட்டன் விசையால் தள்ளுகிறார். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4. உராய்வு எவ்வளவு?

0.4-ஐ 500 நியூட்டன் எடையால் பெருக்கி 200 என்று எழுதியவர்கள், கணக்கை அடுத்த வரிக்கும் கொண்டு போகட்டும். முன்னால் 100, பின்னால் 200, நிகரம் பின்னோக்கி 100. அதாவது பீரோ தள்ளுபவரை நோக்கி 2 மீ/வி² முடுக்கத்தில் கிளம்பி வரும். அப்படிப்பட்ட பீரோவை விற்ற கடையைத்தான் தேட வேண்டும். 200 என்பது உராய்வு கொடுக்கக்கூடிய உச்சவரம்பு. 100 தள்ளினால் 100 திருப்பிக் கொடுக்கும், 150 தள்ளினால் 150. 200-ஐத் தாண்டிய பிறகுதான் பீரோ நகரும். அதன் பின் இயக்க உராய்வுக் குணகத்தை எடுக்க வேண்டும். எனவே உராய்வுக் கணக்கில் முதல் கேள்வி எப்போதும் "நகர்கிறதா?" என்பதே.

விடை வந்த பிறகு

பேனாவை மூடாதீர்கள். அலகு சரியா என்று முதலில் பாருங்கள்: நேரத்தைக் கேட்டதற்கு மீட்டர் வந்திருந்தால் மேற்கொண்டு பேச்சே இல்லை. பிறகு அளவு. சென்னை மெட்ரோ ரயிலின் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், ஏறத்தாழ வினாடிக்கு 22 மீட்டர். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்திருந்தால், ஓடிப் போகும் மனிதனுக்கு வினாடிக்கு 40 மீட்டர் என்று எழுத மாட்டீர்கள்.

நான் அதிகம் நம்பும் சோதனை, எண்ணை ஓரத்துக்குத் தள்ளிப் பார்ப்பது. சாய்தளத்தில் எடையின் எந்தக் கூறுக்கு சைன், எந்தக் கூறுக்குக் கோசைன் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். சாய்வுக் கோணத்தைச் சுழி ஆக்குங்கள். தளம் சமதரை ஆகிவிடும். சமதரையில் பொருளைச் சரிக்கும் விசை சுழி. சுழி பாகைக்கு சைன்தான் சுழி, ஆகவே தளத்தின் வழியே இருப்பது சைன். படம் எப்படித் திரும்பியிருந்தாலும் இது ஏமாற்றாது.

கிணற்றுக் கப்பியில் ஒரு பக்கம் 3 கிலோ, மறு பக்கம் 2 கிலோ தொங்குகின்றன. முடுக்கம் 2 மீ/வி², இழுவிசை 24 நியூட்டன். கணக்குப் போடும் முன்பே இழுவிசை 20-க்கும் 30-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம்: 2 கிலோ மேலே ஏற, கயிறு அதன் எடையைவிட அதிகமாக இழுக்க வேண்டும், 3 கிலோ கீழே இறங்க, அதன் எடையைவிடக் குறைவாக இழுக்க வேண்டும். முடுக்கத்துக்கு வந்த பொது விடையில் இரு நிறையையும் சமமாக்குங்கள். சுழி வர வேண்டும். ஒன்றைச் சுழியாக்குங்கள், மற்றது தடையின்றி விழ வேண்டும். வரவில்லையென்றால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இந்தச் சோதனை பெரிய மனிதர்களையும் விட்டுவைப்பதில்லை. கலிலியோ 1604-இல் சார்ப்பி என்பவருக்கு எழுதிய கடிதத்தில், விழும் பொருளின் வேகம் விழுந்த தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்று எழுதினார். ஓரத்துக்குத் தள்ளிப் பாருங்கள். விழத் தொடங்கும் கணத்தில் தூரம் சுழி. ஆகவே வேகம் சுழி. வேகம் சுழி என்றால் தூரம் கூடாது. தூரம் கூடாவிட்டால் வேகமும் கூடாது. கையை விட்ட மாங்காய் அந்தரத்திலேயே நின்றுவிடும்! வேகம் கூடுவது நேரத்துக்கு நேர்விகிதத்தில் என்று அவர் பின்னர் திருத்திக்கொண்டார். 1638-இல் வெளியிட்ட நூலில், தாமும் சில காலம் அந்தத் தவற்றில் இருந்ததை உரையாடலில் வரும் ஒரு பாத்திரத்தின் வாய்வழியே ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

நேரம் இருந்தால் இன்னொரு வழியிலும் போட்டுப் பாருங்கள். மொட்டை மாடிப் பந்து 2 வினாடியில் தரைக்கு வந்தால் அதன் திசைவேகம் 5 − 20, அதாவது −15. ஆற்றல் வழியில் போனால் வேகத்தின் வர்க்கம் 25 + 200 = 225; வேகம் 15. இரண்டும் கைகொடுக்கின்றன. 1 வினாடி என்று எழுதியவருக்கும் 5 + 10 = 15 வரும் என்பதைக் கவனியுங்கள். வேகத்தை மட்டும் சோதித்தால் அந்தப் பிழை தப்பித்துப் போய்விடும். ஒரு சோதனையில் தேறிவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள்.

வகுத்துப் பார்ப்பது

இப்போது ரயில் கணக்குக்குத் திரும்பலாம். புத்தகத்தின் பின்பக்க விடையோடு உங்கள் விடை ஒத்துப்போகவில்லை. விளக்கத் தீர்வைத் திறக்காதீர்கள். உங்கள் விடையைச் சரியான விடையால் வகுத்து, வரும் எண்ணைப் பாருங்கள். வைத்தியர் நாடி பிடிப்பது மாதிரி.

3.6 அல்லது 12.96 வந்தால், அல்லது அவற்றின் தலைகீழ் வந்தால், அலகு மாற்றத்தில் கோளாறு. 9.8 அல்லது 10 வந்தால் நிறையும் எடையும் கலந்துவிட்டன. 1.02 என்றால் பிழையே இல்லை; புவியீர்ப்பு முடுக்கத்துக்கு நீங்கள் 10 போட்டீர்கள், புத்தகம் 9.8 போட்டிருக்கிறது. (உண்மையில் சென்னையில் அது சுமார் 9.78, துருவங்களில் சுமார் 9.83. இரண்டில் எதைப் போடுவது என்று சண்டை போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.) 2 வந்தால் எங்கோ ஓர் அரை விடுபட்டது, அல்லது சராசரி வேகமும் இறுதி வேகமும் இடம் மாறின, அல்லது ஆரத்துக்குப் பதில் விட்டம் போட்டீர்கள். 4 வந்தால் இதே பிழை வர்க்கத்துக்குள் நடந்திருக்கிறது, 1.41 வந்தால் வர்க்கமூலத்துக்குள். 1.73 அல்லது 0.577 வந்தால் 30 அல்லது 60 பாகையில் சைனும் கோசைனும் இடம் மாறியிருக்கின்றன. 37, 53 பாகைக் கணக்குகளில் அதே பிழை 1.33 அல்லது 0.75 என்று காட்டும். 57.3 வந்தால் பாகையும் ரேடியனும் கலந்தன. −1 வந்தால் எங்கே போக வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

45 பாகையில் சைனும் கோசைனும் ஒன்றே. ஆகவே அந்தக் கணக்கு சரியாக வந்தது என்பதை வைத்து உங்களுக்குக் கூறு பிரிக்கத் தெரியும் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

வகுத்தால் அடையாளம் தெரியாத எண் வருகிறதா? அப்போது கழித்துப் பாருங்கள். சென்ட்ரல் பெட்டிக் கணக்கில் 2.83-க்கும் 2.33-க்கும் விகிதம் 1.21, அதில் ஒன்றும் தெரியவில்லை. வித்தியாசம் 0.5, அதை 20 கிலோவால் பெருக்கினால் 10 நியூட்டன். இந்த 10 யார்? உராய்வுக் குணகம் 0.2, மேல்நோக்கிய கூறு 50, இரண்டின் பெருக்கம். பெட்டியைத் தூக்கிய கையை மறந்துவிட்டோம் என்று வித்தியாசமே சொல்லிவிட்டது. பெருக்கலில் நடந்த பிழை வகுத்தால் தெரியும், கூட்டலில் நடந்த பிழை கழித்தால் தெரியும். இரண்டு பிழைகள் சேர்ந்து நடந்திருந்தால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. வரிவரியாகத்தான் போக வேண்டும்.

பிழை நோட்டு

ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். அதில் கணக்கை முழுதாகப் போட வேண்டாம். கணக்கு ஒரு வரி, நான் செய்தது ஒரு வரி, விகிதம் எவ்வளவு வந்தது, எதைக் கவனித்திருந்தால் பிடித்திருக்கலாம். அவ்வளவே. "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதாதீர்கள். அது நோயின் பெயர் ஆகாது. ஒரு வாரம் கழித்து அதே கணக்கை வெற்றுத் தாளில் மறுபடி போடுங்கள்.

இரண்டு மாதத்தில் ஒரு விஷயம் தெரியவரும். உங்கள் பிழைகள் நூறு விதமாக இருக்காது. நான்கைந்துதான் வேடம் மாற்றி மாற்றி வரும். என்னுடையது எடை. பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் "500 நியூட்டன் எடையுள்ள பெட்டி" என்று தெளிவாக எழுதியிருந்தும் அதை இன்னொரு தடவை 10-ஆல் பெருக்கி 5000 ஆக்கினேன். இரண்டு கணக்கிலும் அதே. திருத்திய ஆசிரியர் ஓரத்தில் "பெட்டியா, லாரியா?" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். இன்றுகூட நியூட்டன் என்ற சொல்லைப் பார்த்தால் என் பென்சில் தானாக அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. ரயில் பையனின் நோட்டில் முதல் பக்கத்தில் 12.96 என்ற எண் மட்டும் பெரிதாக இருக்கிறது.

வீட்டில் இடம் இல்லாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் நல்ல இடம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பிரிவு உண்டு. மூன்று நான்கு பேராகச் சேர்ந்து படிப்பதானால் நோட்டை மாற்றிக்கொண்டு அடுத்தவர் பிழையைத் தேடுங்கள். நம் பிழையைவிட அடுத்தவர் பிழை கண்ணுக்குச் சீக்கிரம் படும், இயற்பியலிலும்.

முடிக்கும் முன் ஒரு பயிற்சி. மெரினா கலங்கரை விளக்கத்தின் உயரத்தை 45 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து ஒரு கல்லைச் சும்மா விட்டால் தரையைத் தொடும்போது அதன் வேகம் என்ன? (தாளில் மட்டும், மேலே போய்க் கல்லை எல்லாம் போடக் கூடாது.) காற்றுத் தடையை விட்டுவிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்தால் விடை வினாடிக்கு 30 மீட்டர். என் மொட்டை மாடியில் நான்கு பேர் நான்கு விடை சொன்னார்கள்: வினாடிக்கு 900 மீட்டர், 21.2 மீட்டர், 15 மீட்டர், 108 மீட்டர். நால்வரும் எங்கே சறுக்கினார்கள்?